வீட்டில் வார்த்த தூண்டில் ஈயத்துக்குப் பவுடர் கோட்டிங் செய்யும் முறை

தூண்டில் ஈயத்தையும் முள் பதித்த ஜிக் ஹெட்டுகளையும் தாமே அச்சில் வார்த்துக்கொள்பவர்களுக்கு அடுத்து வரும் சிக்கல் வண்ணம்தான். வார்த்தெடுத்த அன்று வெள்ளி போல மின்னும் ஈயம், காற்றுப் பட்டுச் சில நாட்களிலேயே சாம்பல் பூத்துவிடும். தூரிகையால் பூசிய பெயின்ட்டோ பாறையில் நான்கைந்து முறை இடித்ததுமே செதில் செதிலாகக் கழன்றுவிடும். பவுடர் கோட்டிங் அப்படிக் கழலாது; சரியாக இறுகிய பூச்சு கொண்ட ஈயத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கினாலும், பூச்சு பெரும்பாலும் ஈயத்தோடு சேர்ந்தே வளைந்து கொடுக்கும். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். சூட்டைக் கணிக்கப் பழகிக்கொண்டால் போதும். இந்த வேலையில் மற்ற எல்லாம் அதற்குப் பின்புதான்.

பவுடர் என்று நாம் சொல்வது பிசின், அதை இறுகச் செய்யும் கடினமாக்கி, நிறமி ஆகியவற்றை உருக்கிக் கலந்து, ஆறவைத்து, மாவாக அரைத்த பொருள். அதில் தின்னர் போன்ற கரைப்பான் எதுவும் கிடையாது. சூடு ஏறும்போது அந்த மாவு முதலில் உருகி, பரவிச் சமமாகி, அதன் பின்னர் வேதிவினையால் இறுகுகிறது. ஒருமுறை இறுகிவிட்டால் மீண்டும் சூடாக்கினாலும் அது உருகாது. சூடேற்றிய உலோகத்தைக் காற்றில் மிதக்கும் தூளுக்குள் முக்கியெடுக்கும் முறை 1950களில் ஜெர்மனியில் உருவானது. நாம் வீட்டு மேசையில் செய்யப்போவதும் அதன் சிறிய வடிவமே.

இதில் இரண்டு சூடுகள் உண்டு என்பதைத் தொடக்கத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, ஈயத்துக்குள் ஏற்றும் சூடு. தூளைப் பிடித்து ஒட்டவைப்பதோடு அதன் வேலை முடிந்துவிடும். இரண்டாவது, அவன் (oven) எனப்படும் சூட்டடுப்புக்குள் இருக்கும் சூடு. ஒட்டிய தூளை இறுகச் செய்வது அது. முக்கியெடுத்ததும் பளபளவென்று தெரிகிறதே என்று அவனில் வைக்காமல் விட்டுவிடுவது தொடக்கத்தில் பலரும் செய்யும் பிழை. பார்வைக்கு முடிந்துவிட்டதுபோல் தோன்றும் அந்தப் பூச்சு, முதல் நாளே முட்டை ஓடு போல நொறுங்கும்.

தூளைத் திறப்பதற்கு முன் உங்கள் கையில் இருக்கும் உலோகம் எது என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். தூய ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். பெரும்பாலான பவுடர்கள் 175 முதல் 200 டிகிரிக்குள் இறுகிவிடுவதால், தூய ஈயத்துக்கு ஆபத்தில்லை. ஆண்டிமனி கலந்த கடின ஈயமும் ஏறக்குறைய 250 டிகிரி வரை தாங்கும். ஆனால் சாலிடர் மிகுதியாகக் கலந்த பழைய ஈயம் 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். ஈயத்துக்கு மாற்றாகச் சிலர் வார்க்கும் பிஸ்மத்-வெள்ளீயக் கலவையோ, அதன் விகிதத்தைப் பொறுத்து, 138 டிகிரி அளவிலேயே உருகிவிடக்கூடியது. அப்படிப்பட்ட பதினைந்து ஜிக் ஹெட்டுகளை, மற்றவற்றோடு கலந்துவிட்டதை அறியாமல், நான் ஒருமுறை அவனில் தொங்கவிட்டேன். இருபது நிமிடம் கழித்துத் திறந்தபோது கம்பியில் வெறும் முட்கள் மட்டும் வரிசையாகத் தொங்கின. அடித்தட்டில் வெள்ளி நிறத்தில் ஒரு குட்டை தேங்கியிருந்தது, அதன் மேல் சிவப்புப் பூச்சு ஏடுபோல் மிதந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு புதிய வார்ப்புத் தொகுதியிலும் ஒன்றை எடுத்து, பூச்சு ஏதுமின்றி, 200 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றைத் தொடுகிறேன்.

ஈயம் நஞ்சு என்பதையும் இங்கேயே சொல்லியாக வேண்டும். உடலில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லத்தக்க அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. குழந்தைகளுக்கும் கருவுற்ற பெண்களுக்கும் அதன் தீங்கு இன்னும் கூடுதல். ஆகவே இந்த வேலைக்கு என ஒதுக்கிய அவனில் அதன் பிறகு எந்த உணவையும் சமைக்கக் கூடாது. அவனைச் சமையலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். வார்ப்பின் ஓரப் பிசிறுகளை அரத்தால் ராவினால் ஈயத்தூள் பறக்கும் என்பதால், குறடாலோ கத்தியாலோ நறுக்கியெடுப்பதே நல்லது. தேய்த்தே ஆகவேண்டிய இடத்தில் உப்புத்தாளை நனைத்துத் தேய்க்கலாம். மேசையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, வேலை முடிந்ததும் எதையும் வாயில் வைப்பதற்கு முன் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள்; அன்றைய உடைகளைத் தனியாகத் துவையுங்கள். ஈயத்தை உருக்கும் நாளில், உருகிய ஈயத்தில் ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் அது நொடியில் ஆவியாகி ஈயத்தை நாலாபுறமும் தெறிக்கச் செய்யும் என்பதை வார்ப்பவர் எவரும் மறக்கக் கூடாது.

பூச்சு போட்டுவிட்டால் நஞ்சு அடங்கிவிடும் என்று எண்ணவும் கூடாது. பூச்சு கையில் ஈயம் ஒட்டுவதைக் குறைக்கிறது, அவ்வளவுதான். நீரடியில் அறுந்து விழுந்த ஈயத்தைப் பறவை விழுங்கினால், அதன் இரைப்பையில் உள்ள கற்கள் பூச்சையும் அரைத்துவிடும். அன்னப்பறவைகள் இப்படி மடிந்ததால்தான் பிரிட்டனில் 0.06 கிராம் முதல் 28.35 கிராம் வரையிலான ஈய எடைகளைத் தூண்டிலுக்காக விற்பது 1987இல் தடைசெய்யப்பட்டது. நீங்கள் மீன்பிடிக்கும் நீர்நிலையின் விதி என்ன என்பதை வார்ப்பதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி வேலைக்கு வருவோம். பிசிறு நீக்கிய வார்ப்புகளை அசிட்டோனிலோ ஐசோபுரொபைல் ஆல்கஹாலிலோ அலசி, சுத்தமான துணியில் பரப்பி உலரவிடுங்கள். அச்சுக்குள் தடவிய புகைக்கரி, எண்ணெய், நம் விரல் ரேகையின் பிசுக்கு என எது மிச்சமிருந்தாலும், அது பூச்சுக்கு அடியில் சூடாகிக் குமிழாகக் கிளம்பும். அலசிய பிறகு வெறுங்கையால் தொடாமல் குறடால் மட்டுமே எடுக்க வேண்டும். கரைப்பான் முழுவதும் உலர்ந்து, அதன் புட்டியை மூடி அப்புறப்படுத்தும் வரை சூடான எதையும் அருகில் கொண்டுவரக் கூடாது.

தூள் புட்டியில் அமுங்கிக் கிடந்தால் பூச்சு திட்டுத்திட்டாகத்தான் வரும். அது மாவு சலித்ததுபோல் இளகியிருக்க வேண்டும். ஒரு சில ஈயங்களுக்கு மட்டும் என்றால், புட்டியை மூடியோடு நன்றாகக் குலுக்கியோ கரண்டியால் கிளறியோ பயன்படுத்தலாம். தொடர்ந்து செய்பவர் ஒரு மிதவைக் கோப்பை செய்துகொள்வது நலம். அகலமான பிளாஸ்டிக் குழாய்த் துண்டின் நடுவில் காபி வடிகட்டும் தாளைக் குறுக்கே இழுத்து ஒட்டி, அதன் அடியறையில் மீன்தொட்டிக் காற்றுப் பம்பின் குழாயைச் செருகிவிட்டால், தாளின் நுண்துளைகள் வழியே மேலேறும் காற்று மேலறையில் உள்ள தூளைத் தளர்த்தித் தூக்கும். காற்று சரியாக இருக்கும்போது தூளின் மட்டம் சற்றே உயர்ந்து, பால் பொங்குவதற்கு முன் அசைவதுபோல் மெல்ல அசையும். தூள் புகையாய் எழும்பிப் பறந்தால் காற்று அதிகம் என்று பொருள், உடனே குறையுங்கள். அப்படிப் பறக்கும் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதோடு, தீப்பொறி பட்டால் வெடித்தெரியவும் கூடியது. மெழுகுவர்த்திச் சுடரில் ஈயத்தைச் சூடாக்கும் பழக்கம் பலருக்கு உண்டு. தூளுக்கு அருகில் சுடர் இருப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னையே பயன்படுத்துங்கள். அதையும் தூளை விட்டு விலக்கி, மேசையின் மறுமுனையில் வையுங்கள். தூளுக்கு ஏற்ற சுவாசக் கவசமும் கண்ணாடியும் அணிந்துகொள்ளுங்கள்.

இப்போது முக்கியெடுக்கும் தருணம். முள்ளின் வளைவைக் குறடால் பிடித்து, ஈயத்தை மட்டும் சூடான காற்றில் சுழற்றிச் சுழற்றிக் காட்டுங்கள். முள்ளின் மேல் நேராகச் சூடு காட்ட வேண்டிய அவசியமில்லை. எத்தனை நொடி என்று பொதுவாகச் சொல்ல முடியாது: 3 கிராம் தலை சட்டெனச் சூடேறிச் சட்டென ஆறும், 30 கிராம் குண்டு மெல்ல ஏறி நெடுநேரம் சூட்டைத் தக்கவைத்திருக்கும். பத்து நொடியில் தொடங்கிச் சோதித்துப் பாருங்கள். தூளுக்குள் ஒரு நொடி முக்கி, இலேசாகச் சுழற்றி, வெளியே எடுத்து, குறடின் மேல் இன்னொரு கம்பியால் ஒரு தட்டு தட்டினால், ஒட்டாத தூள் உதிர்ந்துவிடும். அடுத்த இரண்டு மூன்று நொடிகளில் கண்ணை எடுக்காமல் பாருங்கள். சூடு சரியாக இருந்தால், மாவு பூசியதுபோல் மங்கலாக இருந்த மேற்பரப்பு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஈரம் பரவுவதுபோலப் பளபளக்கத் தொடங்கும். சூடு குறைந்திருந்தால் தூள் மங்கலாகவே நிற்கும், இடையிடையே ஈயம் தெரியும். மறுபடி ஹீட் கன்னைத் தொலைவிலிருந்து மெல்லக் காட்டினால் அது சரியாகிவிடும். சூடு மிகுந்திருந்தால் தூள் தடித்து ஒட்டி, அடியில் ஒரு துளியாகத் திரண்டு நிற்கும். அந்தத் துளி அவனில் இன்னும் நீளும். தொடக்கத்தில் என் ஜிக் ஹெட்டுகள் எல்லாமே இப்படி மூக்கில் துளியோடுதான் வந்தன. தூளைக் குறைசொல்லிக்கொண்டு இரண்டு வாரம் கழித்தேன். உண்மையில் நான் குறைக்க வேண்டியிருந்தது நான்கு நொடிச் சூடு மட்டுமே.

முள்ளின் கண் அடைபட்டிருந்தால், பூச்சு இறுகுவதற்கு முன்பே, இளகிய நிலையில் மெல்லிய ஊசியைச் செலுத்தித் திறந்துவிடுங்கள். இறுகிய பின் குத்தினால் கண்ணைச் சுற்றி விரிசல் விழுந்து அங்கிருந்தே பூச்சு பெயரத் தொடங்கும். நடுத்துளை உள்ள முட்டை வடிவ ஈயங்களுக்கு, துளையில் ஒரு கம்பியைக் கோத்தபடியே சூடாக்கி முக்கினால் துளை அடைபடாது. தொங்கவிடவும் அந்தக் கம்பியே உதவும்.

அவனில் வைக்கும் வேலை எளிது, ஆனால் அவனின் குமிழில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். சிறிய அவன்களில் சூடு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். சிவந்திருக்கும் சுருளுக்கு அருகில் உள்ள ஈயம் மற்றதைவிட மிகவும் சூடாகும். தனியாக ஒரு அவன் தெர்மோமீட்டரை ஈயங்கள் தொங்கும் மட்டத்திலேயே வைத்து, அது காட்டுவதைக் கொண்டு குமிழைத் திருத்துங்கள். ஈயங்கள் ஒன்றையொன்று தொடாமலும், சுருளிலிருந்து விலகியும் தொங்க வேண்டும். புட்டியில் குறிப்பிட்டுள்ள சூடும் நேரமும் தூளுக்குத் தூள் மாறும். 175 டிகிரியில் 20 நிமிடம் என்பது பலவற்றுக்கு வழக்கமான அளவு. அந்த நேரத்தை அவனின் மணியிலிருந்து எண்ணாமல், ஈயமே அந்தச் சூட்டை எட்டிய பிறகு எண்ண வேண்டும். பெரிய குண்டுகளுக்கு இதனால் ஐந்து பத்து நிமிடம் கூடுதலாக ஆகும். பிறகு கதவைத் திறந்து, தொடாமல், தானாக ஆறவிடுங்கள்.

ஆறியதும் ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றைச் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். அசிட்டோன் நனைத்த துணியால் பலமுறை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வண்ணம் துணியில் தாராளமாக இறங்கினாலோ பூச்சு பிசுபிசுத்தாலோ இறுகுதல் போதவில்லை, மீதியை மீண்டும் அவனில் வைக்கலாம். பிறகு அதையே சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பூச்சு செதிலாகத் தெறித்து அடியில் சுத்தமான ஈயம் தெரிந்தால், அநேகமாக அலசியது சரியில்லை, அல்லது சூடு போதவில்லை.

குமிழ்கள் பெரும்பாலும் பிசுக்காலோ ஈரத்தாலோ வருகின்றன. வார்ப்பிலேயே நுண்துளைகள் இருந்தாலும் அவற்றில் அடைபட்ட காற்று வெளியேறிக் குமிழாகும். அப்படிப்பட்ட வார்ப்புகளைத் தூள் தொடும் முன் அவனில் பத்து நிமிடம் வெறுமனே சுட்டு எடுத்தால் குமிழ் பெரிதும் குறையும். ஒளிரும் மஞ்சளும் இளஞ்சிவப்பும் சாம்பல் நிற ஈயத்தின் மேல் மந்தமாகத்தான் தெரியும். முதலில் வெள்ளையை மெல்லியதாகப் பூசி, அது இளகிப் பளபளத்த பின் வண்ணத்தைப் பூசி, இரண்டையும் ஒன்றாக இறுகச் செய்தால் உண்மையான நிறம் வரும். இந்த ஒளிரும் வண்ணங்கள் அதிகச் சூட்டில் பழுப்பேறிவிடும் என்பதால், அவற்றோடு நேரத்தை நீட்டிச் சூதாட வேண்டாம். இரு வண்ணம் வேண்டுவோர், முதல் வண்ணம் இளகியிருக்கும்போதே இரண்டாம் தூளை மென்மயிர்த் தூரிகையில் எடுத்து, முதுகுப்பக்கம் மட்டும் உதிரும்படி தூரிகைக் காம்பைத் தட்டினால் போதும்.

மிஞ்சிய தூளை இறுக மூடி, குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வையுங்கள்; ஈரம் ஏறிய தூள் கட்டிகட்டியாகிவிடும். இலேசாகக் கட்டிய தூளை மெல்லிய நைலான் துணியில் சலித்து மீட்டுவிடலாம். இரண்டு வண்ணம் கலந்துவிட்ட தூளை மட்டும் புட்டியில் திருப்பிக் கொட்டாதீர்கள். ஒரு சிட்டிகைக் கறுப்பு விழுந்தாலும், அந்த வெள்ளைப் புட்டி தீரும் வரை ஒவ்வொரு ஈயத்திலும் புள்ளி தெரியும்.