நிறத்தைப் பார்த்து அசுவினி என்று முடிவு கட்டாதீர்கள்

தளிரில் பூச்சிகள் கூட்டமாக, பச்சையாக, பொடியாக இருந்தால் அசுவினி, அதாவது செடிச் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி. பலரும் இப்படித்தான் முடிவு கட்டுகிறார்கள். பல நேரம் அது சரியாகவும் போய்விடுவதால் பழக்கம் மாறுவதில்லை. நிறத்தை நம்புவதுதான் முதல் தவறு. பட்டாணி அசுவினியில் பச்சையும் உண்டு, இளஞ்சிவப்பும் உண்டு. இரண்டும் ஒரே இனம். பருத்தி அசுவினி வெளிர்மஞ்சளிலிருந்து கரும்பச்சை வரை எந்த நிறத்திலும் இருக்கும்.

பார்க்க வேண்டியது பின்பக்கம். வயிற்றின் கடைசிப் பகுதியில், மேற்புறமாக, இடமும் வலமும் இரண்டு சிறு குழாய்கள் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். நடுவே வால் மாதிரி ஒரு சின்ன நீட்சி. பேரிக்காய் வடிவ மெத்தென்ற உடலும் நீண்ட உணர்கொம்பும் துணை அடையாளங்கள்தான். பெரும்பாலானவை 1 முதல் 4 மி.மீ. அளவே இருப்பதால், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று கையில் இருப்பது நல்லது.

சரி, குழாய் தெரியவில்லை என்றால்? உடனே அசுவினி இல்லை என்று தள்ளிவிடாதீர்கள். முட்டைக்கோஸ் அசுவினிக்குக் குழாய் மிகக் குட்டை, அதன்மேல் சாம்பல்நிற மெழுகுப்பொடி வேறு. உடலெங்கும் வெள்ளை மெழுகு இழை மூடிய அசுவினிகளில் குழாய் வெறும் துளையாகவே சுருங்கியிருக்கும். இவற்றைத்தான் மாவுப்பூச்சி என்று நினைத்துவிடுகிறார்கள். மாவுப்பூச்சியின் உடல் நீள்வட்டமாக, குறுக்கே வரிவரியாக இருக்கும். பல இனங்களில் ஓரங்களைச் சுற்றி மெழுகு நீட்சிகள் தெரியும். இழையை ஒதுக்கிப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

இலைப் பிசுபிசுப்பு அந்தக் குழாய்களிலிருந்து வருகிறது என்று சிலர் எழுதுவதைப் பார்க்கலாம். அது தவறு. இனிப்புக் கழிவு ஆசனவாய் வழியே வருவது. குழாய்கள் விடுவது தற்காப்புத் திரவம்; ஆபத்து என்று கூட்டத்துக்குச் சொல்லும் வாசனைப் பொருளும் அதில் உண்டு. பிசுபிசுப்பு, எறும்பு, கரும்பூசணம் இவற்றை மட்டும் வைத்து அசுவினி என்று சொல்லவும் முடியாது. வெள்ளை ஈ, மாவுப்பூச்சி, செதில் பூச்சி வந்தாலும் இதெல்லாம் இருக்கும்.

இலையில் ஒட்டிய வெள்ளைத் துணுக்குகளை வெள்ளை ஈ என்பவர்கள் ஊதிப் பார்க்கட்டும். பறக்காமல் உதிர்ந்தால் அது அசுவினி உரித்த தோலாக இருக்கலாம். தொட்டதும் பூச்சி பக்கவாட்டில் விறுவிறுவென ஓடினால் தத்துப்பூச்சியின் குஞ்சு. அசுவினி மெதுவாகத்தான் நடக்கும். சில இனங்கள் பொத்தென்று கீழே விழும். கூட்டத்தில் இறகு முளைத்தவை தெரிந்தால் வேறு பூச்சி என்று குழம்ப வேண்டாம். நெரிசல் கூடினாலோ செடி நலிந்தாலோ அதே இனத்தில் இறகுள்ளவை பிறக்கும்.

அதிகம் இழப்பைத் தருவது கடைசித் தவறு. உப்பி, வெளிர்பழுப்பாக, அசையாமல் ஒட்டியிருக்கும் அசுவினிகளைத் தனி இனமென்று நினைத்து மருந்தடிப்பார்கள். அவற்றுக்குள் வளர்வது ஒட்டுண்ணிக் குளவி. முதுகில் வட்டமான துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது என்று பொருள். கூட்டத்துக்கு நடுவே வேகமாகத் திரியும் நீளமான, ஆறு கால் உள்ள கருநிறப் புழுவும் பெரும்பாலும் பொறிவண்டின் புழுதான். இரண்டும் அசுவினியை அழிப்பவை. இவை நிறையத் தெரிந்தால் தெளிப்பானை எடுக்காமல் சில நாள் பொறுத்துப் பாருங்கள்.