சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்கு வீட்டுக் கடன்

இரவுச் சந்தையில் கடை போடுபவர்கள், கிராப் ஓட்டுபவர்கள் பினாங்கின் பாலிக் புலாவ் பக்கம் வீடு வாங்க நினைத்தால், தினசரி வரும்படியை அன்றன்றே ஒரே வங்கிக் கணக்கில் போட்டு வாருங்கள். 50 ரிங்கிட்டானாலும் சரி. நிலையான சம்பளம் இல்லாதவர்களின் கடனுக்கு எஸ்ஜேகேபி (SJKP) எனும் வீட்டுக் கடன் உத்தரவாதத் திட்டத்தில் அரசாங்கம் வங்கியிடம் உத்தரவாதம் நிற்கிறது. ஆனால் மாதத் தவணை கட்ட முடியுமா என்று பார்ப்பது வங்கிதான். கையில் வாங்கிக் கையிலேயே செலவழித்த காசு அதன் கணக்கில் வராது. 6 மாத வரவு வரிசையாகத் தெரிந்தால் பேச்சே வேறு.

பிடிபிடிஎன் (PTPTN) உயர்கல்விக் கடன் பாக்கி இருந்தால் இது மட்டும் போதாது. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் சிசிஆர்ஐஎஸ் (CCRIS) எனும் கடன் விவர அறிக்கையில் அது தெரியும். அறிக்கை இலவசம்தான், முதலில் எடுத்துப் பாருங்கள். ஏற்கெனவே சொந்த வீடு உள்ளவர்களுக்கு இந்த எஸ்ஜேகேபி வழி பொருந்தாது.