அல்கோரிதம் கணக்குகள்: கொப்பியிலிருந்து தொடங்குவோம்

ஒரு தளம் கேள்வி தரும், அதற்கு நாங்கள் புரோகிராம் எழுதி அனுப்புவோம், அது சரியா, நேரத்துக்குள் முடிகிறதா என்று தளமே சோதித்துச் சொல்லும்; அல்கோரிதம் கணக்கு என்பது இதுதான். கல்லடியில் ஒரு பழைய மடிக்கணினியோடு நான் இதற்குள் இறங்கியபோது, முதல் ஆறு மாதமும் பார்த்த ஒரே வேலை பாடங்களைச் சேர்த்ததுதான். இரவு டேட்டாவில் இறக்கிய வீடியோக்கள், கூட்டாளிமாரிடம் பென் டிரைவில் வாங்கிய பிடிஎஃப்கள் என்று முப்பது ஜிபி சேர்ந்திருந்தது. தீர்த்த கணக்குகளோ நான்கு. அந்த முப்பது ஜிபியை இன்றுவரை முழுதாகத் திறந்து பார்க்கவில்லை. அதனால் இங்கே நான் சொல்லப்போகும் தளங்கள் மூன்றே மூன்று.

உயர்தரத்தில் ஐசிடி (தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்) எடுத்தவர்களையும், வந்தாறுமூலை, சம்மாந்துறைப் பல்கலைக்கழக வளாகங்களில் கணினி விஞ்ஞானத்தில் இப்போதுதான் கால் வைத்தவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். மாறி, லூப், அணி மூன்றும் தெரிந்தால் போதும். எந்தப் புரோகிராமிங் மொழி என்று கேட்பீர்கள். உயர்தரப் பாடத்திட்டத்தில் பைதன் இருக்கிறது, அதிலேயே தொடங்குங்கள். சி பிளஸ் பிளஸ் வேகமானதுதான், ஆனால் அதற்கு இப்போது அவசரமில்லை.

படி 1: கணக்கைத் தமிழில் திருப்பி எழுதுங்கள்

கணக்குகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். தமிழ் மொழிமூலத்தில் படித்த எங்களுக்குப் பாதித் தடுமாற்றம் அங்கேதான். ஒரு கொப்பியில் மூன்று வரி எழுதுங்கள்: என்ன தந்திருக்கிறார்கள், என்ன கேட்கிறார்கள், எண்கள் எவ்வளவு பெரிதாக வரலாம். இந்த மூன்றையும் எழுத முடியவில்லையென்றால் கணக்கு இன்னும் விளங்கவில்லை. அதுவரை கீபோர்டைத் தொட வேண்டாம்.

கோட்ஃபோர்சஸ் தளத்தில் 4ஏ என்ற கணக்கைத் தேடி எடுங்கள். ஒரு வத்தகப்பழம், நிறை 1 முதல் 100 கிலோ வரை. அதை இரண்டு பங்காக வெட்ட வேண்டும், இரண்டு பங்கும் இரட்டை எண் கிலோவாக வர வேண்டும். முடியுமா, முடியாதா? நிறை இரட்டை எண் என்றால் முடியும், வேலை முடிந்தது என்று தோன்றும். அப்படியே அனுப்பினால் 'ராங் ஆன்சர்' வரும். 2 கிலோப் பழத்தை ஒன்றும் ஒன்றுமாகத்தான் வெட்டலாம், ஒன்று இரட்டை எண் இல்லை. எனவே அனுப்புவதற்கு முன் மிகச் சிறிய எண்களைக் கொப்பியில் போட்டுப் பாருங்கள். நான் விட்ட பிழைகளில் பாதி 1இலும் 2இலும்தான் ஒளிந்திருந்தன.

படி 2: ஒரே பட்டியலை மேலிருந்து கீழே செய்யுங்கள்

எனக்குப் பிடித்தது சிஎஸ்இஎஸ் என்ற தளத்தின் கணக்குப் பட்டியல். ஃபின்லாந்தில் உருவானது, விளம்பரம் கிடையாது, பக்கங்கள் மிக எளியவை. சிக்னல் ஒரு கோடு இருக்கும்போதும் திறக்கும். கணக்கை வாசிக்க அக்கவுண்ட்கூடத் திறக்கத் தேவையில்லை, விடை அனுப்பத்தான் பதிய வேண்டும்.

அதன் இரண்டாவது கணக்கை எடுப்போம். 1 முதல் ஒரு குறிப்பிட்ட எண் வரையுள்ள எண்களில் ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றைத் தருகிறார்கள். விடுபட்டது எது? எண்கள் 2 இலட்சம் வரை வரலாம், புரோகிராம் ஓடி முடிக்கத் தரும் நேரம் ஒரு செக்கன்.

முதலில் தோன்றும் வழி: 1 இருக்கிறதா என்று முழுப் பட்டியலையும் பார், பிறகு 2 இருக்கிறதா என்று பார். விடை சரியாகத்தான் வரும். ஆனால் 2 இலட்சத்தை 2 இலட்சத்தால் பெருக்கினால் 4000 கோடி. சி பிளஸ் பிளஸில் ஒரு செக்கனுக்குச் சுமார் 10 கோடி எளிய வேலைகள் என்று வைத்துக்கொண்டாலும் 400 செக்கன் போகும். பைதனில் இன்னும் மோசம். 'டைம் லிமிட் எக்ஸீடட்' என்று வருவது இதனால்தான். படி 1இல் எண்களின் அளவைக் குறிக்கச் சொன்னது ஏன் என்று இப்போது தெரிந்திருக்கும்.

இரண்டாவது வழி வகுப்பாசிரியரின் வரவு இடாப்பு. ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு கட்டம், எண் வந்தால் சரி போடு, கடைசியில் வெறுமையான கட்டத்தைத் தேடு. பட்டியலை ஒரு தடவை, இடாப்பை ஒரு தடவை பார்த்தால் போதும்.

மூன்றாவது வழியில் இடாப்பும் வேண்டாம். முழுக் கூட்டுத்தொகையைச் சூத்திரத்தில் கண்டு, வந்த எண்களின் கூட்டுத்தொகையைக் கழித்தால் மிஞ்சுவது விடை. 2 இலட்சத்துக்கு முழுத்தொகை 2000 கோடியே 1 இலட்சம். பைதன் இதைத் தாங்கும். சி பிளஸ் பிளஸில் சாதாரண இன்ட் மாறிக்குள் 214 கோடிச் சொச்சம்தான் அடங்கும், எனவே பெரிய எண்களுக்கான லாங் லாங் வகையை எடுங்கள். இந்த ஒரு கணக்கை மூன்று விதமாகவும் எழுதி மூன்றையும் அனுப்பிப் பாருங்கள். இரண்டு மணி நேரம் போனாலும் பரவாயில்லை.

படி 3: கிலோமீற்றர் கல் வித்தை

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பொத்துவில், கல்முனை என்று சுற்றிவந்து மட்டக்களப்பில் முடியும் ஏ4 வீதியை நினைத்துக்கொள்ளுங்கள். களுவாஞ்சிகுடிக்கும் காத்தான்குடிக்கும் எவ்வளவு தூரம் என்று அறிய யாரும் நாடாப் பிடித்து அளப்பதில்லை. இரண்டு ஊரிலும் உள்ள கிலோமீற்றர் கல்லைப் பார்த்து ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் சரி. தொடக்கத்திலிருந்து கூட்டிக்கொண்டே வந்த தொகை அந்தக் கல்லில் ஏற்கெனவே இருக்கிறது.

இதற்குப் பெயர் ப்ரிஃபிக்ஸ் சம். எண்களைத் தந்து, 'மூன்றாவதிலிருந்து ஏழாவது வரை கூட்டினால் எவ்வளவு' என்ற மாதிரி 2 இலட்சம் கேள்வி கேட்டாலும், ஒரு தடவை கற்களை நட்டுவிட்டால் ஒவ்வொரு விடையும் ஒரே கழித்தல். கவனிக்க வேண்டியது ஒன்று: ஏழாம் கல்லிலிருந்து இரண்டாம் கல்லைக் கழிக்க வேண்டும். மூன்றாம் கல்லைக் கழித்தால் மூன்றாவது எண் விடுபட்டுப் போகும். சிஎஸ்இஎஸ்ஸில் ரேஞ்ச் குவரீஸ் பகுதியின் முதல் கணக்கு இதுவேதான்.

படி 4: முட்டினால்

நாற்பது நிமிடம் கொப்பியோடு போராடுங்கள். அதன் பிறகும் வழி தெரியாவிட்டால் விளக்கத்தைப் பார்ப்பதில் வெட்கமில்லை. பார்த்ததும் மூடிவிட்டு, ஒரு எழுத்தும் பிரதி பண்ணாமல் நீங்களே எழுதுங்கள். நான்கைந்து நாள் கழித்து அதே கணக்கை வெறும் பக்கத்திலிருந்து மறுபடி செய்யுங்கள். இரண்டாம் தடவையும் முட்டியவற்றுக்கு நான் கொப்பியில் சிவப்புப் பேனையால் புள்ளி வைப்பேன்.

படி 5: சனி பின்னேரம் ஐந்தரை

சிஎஸ்இஎஸ்ஸில் முதல் பகுதி பாதி முடிந்ததும் அட்கோடர் என்ற ஜப்பானியத் தளத்துக்குப் போங்கள். அவர்களின் தொடக்கநிலைப் போட்டி பெரும்பாலும் சனிக்கிழமை, சில வேளை ஞாயிறு, ஜப்பான் நேரம் இரவு 9 மணிக்கு. எங்களுக்கு அது பின்னேரம் 5.30, இரவு நெடுநேரம் விழித்திருக்கத் தேவையில்லை. 100 நிமிடம், ஏழு பத்துக்கு முடிந்துவிடும். முதல் இரண்டு கணக்கு மட்டும் செய்தாலும் போதும், மூன்றாவதைப் போட்டி முடிந்த பிறகு ஆறுதலாகப் பாருங்கள்.

கரண்ட் போனால் கைகொடுக்க இன்வேர்ட்டர் இல்லாத வீடென்றால், நாலரைக்கே மடிக்கணினியையும் போனையும் சார்ஜில் போட்டுவிடுங்கள்.