கூகுள் விளம்பரத்துக்கு ஆள் எடுக்கும் முன் கணக்கை உங்கள் பெயரில் திறங்கள்

கோவையில் எங்களுக்கு வெட் கிரைண்டர் விற்பனையும் சர்வீஸும். கூகுள் விளம்பரத்தை ஒரு ஏஜென்சியிடம் விட்டிருந்தேன். விலகிய அன்றுதான் தெரிந்தது, விளம்பரக் கணக்கே அவர்கள் பெயரில் இருக்கிறது என்று. எந்தத் தேடலுக்கு எத்தனை அழைப்பு வந்தது என்ற விவரம் மொத்தமும் அவர்களோடு போய்விட்டது. பணம் மட்டும் என்னுடையது! இரண்டாவது முறை ஆள் எடுத்தபோது செய்ததைச் சொல்கிறேன்.

1. கணக்கு

கூகுள் ஆட்ஸ் கணக்கைக் கடையின் ஜிமெயிலில் நீங்களே திறங்கள். கார்டு, ஜிஎஸ்டி எண் எல்லாம் உங்களுடையதாக இருக்கட்டும். எந்த நாட்டுப் பணத்தில் கணக்கு என்பதை (கரன்சியை) பார்த்துத் தேர்ந்தெடுங்கள், பிறகு மாற்ற முடியாது.

2. ஆள்

சான்றிதழைப் பார்த்து மயங்க வேண்டாம். கூகுளின் ஸ்கில்ஷாப் தேர்வை யாரும் இலவசமாக எழுதலாம். வந்தவர்களிடம் நான் கேட்டது ஒரே கேள்வி: "வெட் கிரைண்டருக்கு விளம்பரம் போட்டால் அது வரக் கூடாது என்று எந்தத் தேடல்களை விலக்குவீர்கள்?" ஒருவர் "செகண்ட் ஹேண்ட், வேலைவாய்ப்பு, ரிப்பேர்" என்று அடுக்கிக்கொண்டே வந்து, "இருங்க சார், உங்களுக்கு சர்வீஸும் உண்டே, ரிப்பேரை விலக்கக் கூடாது" என்றார். அவரையே எடுத்தேன்.

சம்பளத்தை மாதத்துக்கு இவ்வளவு என்றே பேசுங்கள். செலவில் சதவீதம் என்று பேசினால், பட்ஜெட்டைக் குறைக்கச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

3. அனுமதி

நான் தடுமாறிய இடம் இதுதான். பாஸ்வேர்டைத் தராதீர்கள். உங்கள் கணக்குக்குப் பத்து இலக்க எண் ஒன்று இருக்கும், அது போதும். அதை வைத்து அவர் தன் மேனேஜர் கணக்கிலிருந்து (பலருடைய விளம்பரக் கணக்குகளை ஒரே இடத்தில் கவனிக்கும் கணக்கு) இணைப்புக் கோரிக்கை அனுப்புவார். அந்தக் கோரிக்கையை யூசர்ஸ் பக்கத்தில் ஒரு மணி நேரம் தேடினேன்! அட்மின், ஆக்சஸ் அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் 'மேனேஜர்ஸ்' என்று இருக்கும் பக்கத்தில் அது பேசாமல் காத்திருந்தது. ஏற்றுக்கொண்டால் வேலை முடிந்தது. பிரியும் நாளில் அங்கேயே இணைப்பை எடுத்துவிடலாம். ஆள் போவார், கணக்கு உங்களிடம் நிற்கும்.

மேனேஜர் கணக்கு இல்லாதவர் என்றால், யூசர்ஸில் அவர் மின்னஞ்சலைச் சேர்த்து 'ஸ்டாண்டர்ட்' அனுமதி கொடுங்கள். 'அட்மின்' கூடாது, அது கையில் இருந்தால் உங்களையே நீக்கிவிட முடியும்.

4. கண்காணிப்பு

வாரம் ஒருமுறை சர்ச் டெர்ம்ஸ், சேஞ்ச் ஹிஸ்டரி இரண்டையும் திறந்து பாருங்கள். முதலாவதில் எந்தத் தேடலுக்குக் காசு போனது என்று தெரியும், இரண்டாவதில் அவர் என்ன வேலை செய்தார் என்று தெரியும். மாதம் முழுக்க ஒரு மாற்றமும் இல்லையா? சம்பளத் தேதியில் கேளுங்கள்.

பின்சேர்க்கை: நாளுக்கு 500 ரூபாய் வைத்தும் ஒரே நாளில் 870 போய்விட்டது, ஆள் ஏமாற்றுகிறாரா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. கூகுள் ஒரு நாளில் இரு மடங்கு வரை செலவழிக்கும். ஆனால் இடையில் பட்ஜெட்டை மாற்றாதவரை, மாதத்துக்கு அதன் 30.4 மடங்கைத் தாண்டிக் கேட்காது. 500க்கு அது 15,200. அப்புறம் 18% ஜிஎஸ்டி தனி, ஆக 17,936 ரூபாய் எடுத்து வையுங்கள்.