பேச முடியாத பேஷன்ட் கிட்ட சம்மதம் கேக்குறது எப்படி

ஸ்ட்ரோக்ல பேச்சு போனவர், சுகர்ல கால் அழுகி எடுக்கணும்னு வந்துருச்சுன்னு வைங்க, நம்ம வார்டுகள்ல பெரும்பாலும் அவர் முகத்தைக்கூட பாக்காம கூட இருக்குற சொந்தக்காரங்க கிட்ட கையெழுத்து வாங்கிடுவாங்க. அது தப்புங்க. 2017 மனநல பராமரிப்புச் சட்டம் 4வது பிரிவுலயே பேச்சு, முகபாவம், சைகைன்னு எந்த வழியிலயும் முடிவைச் சொல்லலாம்னு இருக்கு, அது மனநல சிகிச்சைக்கான சட்டம்தான், ஆனா அந்த அளவுகோல் இங்கயும் நல்லாவே உதவும்.

மொதல்ல மருந்து சார்ட்டைப் பாருங்க, மிடாசோலம் மாதிரி மயக்கமா வைக்கிற மருந்து ஓடிட்டிருக்கும்போது எதைக் கேட்டும் பிரயோஜனம் இல்ல. கண்ணாடி, காது மெஷின் வீட்லயே கிடக்கும், எடுத்துட்டு வரச் சொல்லுங்க. இடது மூளை ஸ்ட்ரோக்னா வலது பக்கம் பார்வையும் போயிருக்கலாம், அதனால படம், அட்டை எல்லாம் இடது பக்கமா காட்டுங்க.

அடுத்தது ஆமா, இல்லை. இதுலதான் பாதி பேர் கோட்டை விடுறாங்க. நம்மாளுங்க தலையாட்டுறத நம்பவே நம்பாதீங்க, அது ஆமாவா, இல்லையா, சும்மா மரியாதைக்கானே தெரியாது. கட்டைவிரல் மேல தூக்கினா ஆமா, கையை மூடினா இல்லைன்னு பேசி வச்சுக்கோங்க. கை கால் எதுவுமே அசையாதவங்களுக்கும் பல நேரம் கண்ணை மேல கீழ அசைக்கவாச்சும் முடியும். அப்புறம் "இது ஆஸ்பத்திரியா?", "இது பஸ் ஸ்டாண்டா?"ன்னு மாத்தி மாத்தி கேளுங்க. எல்லாத்துக்கும் ஆமான்னா அந்த ஆமாவ வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது, ஸ்பீச் தெரபிஸ்ட்ட கூப்பிடுங்க.

இப்பதான் விஷயத்துக்கு வரணும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு தகவல், கூட ஒரு படம். "காலை எடுக்கலன்னா சீழ் பரவுமா?", "எடுத்துட்டா திரும்ப வளருமா?"ன்னு புரிஞ்சிருக்கானு பாருங்க. வேணாம்னா ஏன்னு தெரியணும்ல, வலி, பயம், செலவு, பிள்ளைங்களுக்கு பாரம்னு படம் போட்ட அட்டைய நீட்டுங்க, நம்ம ஊர்ல விரல் பல தடவை செலவுலதான் போய் நிக்கும், அப்ப காப்பீடு பத்திப் பேசிட்டு மறுபடி கேக்கணும். இதெல்லாம் நடக்கும்போது பையன் தலைமாட்டுல நின்னு "ஆமான்னு சொல்லுப்பா"ன்னா பதில் கெட்டுப்போச்சு, கொஞ்ச நேரம் வெளிய உக்கார வைங்க.

கொஞ்ச நேரம் கழிச்சு அதே கேள்விகளை வரிசை மாத்தி கேளுங்க. பதில் அதேதானா? அப்ப அது அவரோட முடிவு. நமக்குப் பிடிக்காத முடிவுங்கறதுக்காக மட்டும் முடிவெடுக்குற தகுதி இல்லைன்னு எழுதக்கூடாதுன்னும் அதே 4வது பிரிவுல இருக்கு. கேஸ் ஷீட்ல "சம்மதம் பெறப்பட்டது"ன்னு ஒத்த வரி போதாது, என்ன கேட்டீங்க, எந்த விரலால என்ன சொன்னார், பக்கத்துல யார் இருந்தா, மணி என்ன, எல்லாம் எழுதுங்க.