தள்ளுபடியில் ஸ்போர்ட்ஸ் செடான்: கியரா, ஆட்டோமேட்டிக்கா?

டிசம்பர் தள்ளுபடிக்காக பெங்களூரு ஓசூர் ரோடு ஷோரூம்களில் ஏறி இறங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன். டெஸ்ட் டிரைவைக் காலி ரோட்டில் முடித்துவிடாதீர்கள். மாலை ஆறரைக்கு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் ஓட்டக் கேளுங்கள். கையால் கியர் மாற்றும் மேனுவல் என்றால், கிளட்சை மிதித்து மிதித்து இடது முழங்கால் அங்கேயே பேச ஆரம்பித்துவிடும்.

ஆட்டோமேட்டிக்கிலும் எந்த வகை என்று கேட்க வேண்டும். ஹூண்டாய் வெர்னா டர்போ, ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜிடி 1.5 இரண்டிலும் 7 கியர் டூயல் கிளட்ச், அதாவது இரண்டு கிளட்சை வைத்துத் தானே கியர் மாற்றும் வகை. இந்த வகையில் பிரேக்கை விட்டு விட்டு ஊர்ந்தால், உள்ளே கிளட்ச் பாதி பிடித்து உரசிச் சூடாகும். முன்வண்டி நகர்ந்து நன்றாக இடம் விழட்டும், அப்புறம் ஒரேயடியாக நகர்த்துங்கள்.

ஊர் நாமக்கல் என்பதால் எனக்கு மேனுவல்தான். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரை நானே போட்டு இழுக்கிற சுகமே தனி. தினமும் ஆபீஸுக்குத்தான் வண்டி என்றால் வீம்பு வேண்டாம், ஆட்டோமேட்டிக் எடுங்கள்.

தள்ளுபடி தாராளமாக இருந்தால் தயாரிப்பு மாதத்தைக் கேளுங்கள். ஆர்.சி.யில் அதுவும் ஏறும், பழைய மாதம் என்றால் பிறகு விற்கும்போது விலையைக் குறைக்கும். மாதக்கணக்கில் யார்டில் நின்ற வண்டியா? பேட்டரியையும் டயரையும் பார்த்துவிட்டு முன்பணம் கட்டுங்கள்.