வெட்டாமலே மழுங்கிய கத்தி

சொல்லிச் செய்த சின்னக் கத்தி, சட்டைக்குள் இடுப்பில் கைடெக்ஸ் (சூட்டில் இளகும் கெட்டி பிளாஸ்டிக்) உறையில் இருக்கும். எதையும் வெட்டாத நாளிலும் முனையருகே அரை அங்குலம் மட்டும் மழுங்கியது. மூன்று முறை சாணை பிடித்தேன். மணலோ என்று உறையைக் கழுவினேன். பலனில்லை.

அப்புறம் கூர் முழுக்கக் கறுப்பு மார்க்கர் பூசிச் செருகி, நேராக உருவினேன். மை அழியவில்லை. வழக்கம்போல் கட்டைவிரலால் உறையைத் தள்ளி உருவியபோது கத்தி லேசாகச் சாய்ந்தது. அதே அரை அங்குலத்தில் மை போயிருந்தது!

சாயும்போது கூர் உறையின் உட்புறத்தில் உரசுகிறது. அங்கே கொஞ்சம் இடைவெளி உண்டாக்க, கூரின் மேல் மூன்று அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டினேன். சூடான காற்று ஊதும் ஹீட் கன்னால் உறையின் அந்த இடத்தை மட்டும் இளக்கி, கத்தியைச் செருகி ஆறவிட்டு, டேப்பை உரித்தேன். வாய்ப்பக்கம் சூடு படக்கூடாது, பிடிமானம் அங்கேதான். இரண்டு வாரமாகக் கூர் அப்படியே இருக்கிறது. நிம்மதி.